குபியாக் வீட்டு வாசல் பனி

செஸ்டர் குபியாக் தன் வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்த நவம்பர் மாதத்திலிருந்து, அந்த வீட்டு வாசல் நடைபாதையில் விழுந்த பனி, அதை வாரும் அவருடைய ஷவலுக்கு வர மறுத்துவிட்டது. மறுத்துவிட்டது என்றால் இறுகிப்போய்ப் பெயரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே பெயர்ந்தது. அள்ளி ஓரத்தில் வீசினார், வீசிய இடத்தில் விழுந்தது. அடுத்ததை அள்ளக் குனிந்தால், முதலில் அள்ளிய இடத்தில் அதே பனி அதே உயரத்தில், ஷவல் பட்ட தடம்கூட இல்லாமல் கிடந்தது. ஓரத்தில் வீசியதைக் காணோம். முதல் நாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மறுநாள் ஷவலை மாற்றிப் பார்த்தார். வாசல்படிப் பனியும், படியிலிருந்து கேட் வரைக்குமான வழியில் கிடந்த பனியும் எப்போதும்போல் சொன்னபடி கேட்டன. கேட்டுக்கு வெளியே, ஊர்ஜனம் நடந்துபோகிற சிமெண்டுப் பாதையில், குபியாக் வீட்டு அகலத்துக்கு மட்டும்தான் இந்த அழிச்சாட்டியம். அந்த வாரம் கடையில் பன்றித்தொடை விலை ஏறியிருந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

எங்கள் ஊர்ச் சட்டம் எல்லாரும் அறிந்ததுதான். நடைபாதை நகரசபைக்குச் சொந்தம், அதன்மேல் விழும் பனி வீட்டுக்காரருக்குச் சொந்தம். ஏரிக்காற்று ராத்திரியெல்லாம் பனியைக் கொட்டித் தீர்த்தாலும், ஊர் வேலைக்குக் கிளம்புவதற்குள் அவரவர் வாசலை அவரவர் சுத்தம் செய்துவிட வேண்டும். எவனாவது வழுக்கி விழுந்தால் வம்பு வீட்டுக்காரர் தலையில். வார்டா தெருவில் சட்டத்தோடு கூட ஒரு வழக்கமும் இருந்தது. தன் எல்லை முடிந்த பிறகும் பக்கத்து வீட்டுப் பக்கமாக ஒரு ஷவல் அகலம் சேர்த்து வாரிவிடுவார்கள். யாரும் கேட்டுச் செய்வதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. செஸ்டர் மட்டும் அதைச் செய்ததே கிடையாது. உருக்காலையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவர் வாசலில் மாவு உருட்டலாம், அத்தனை சுத்தம். ஆனால் எல்லைக்கோட்டுக்கு வந்ததும், கேக் வெட்டுகிற மாதிரி ஷவல் விளிம்பால் நறுக்கென்று வெட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். "யார் வீடோ அவன் பனி. இதுல என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?" என்பார். பேச்சோடு நிற்கிற ஆளும் இல்லை. வாசலைச் சுத்தம் செய்யாத வீடுகளைப் பற்றி நகரசபைக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டு வால்டர் ஸ்மிகெல், மனைவி ஹெலனோடு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த வாரத்தில், அவர் வீட்டுக் கதவில் அபராதச் சீட்டு ஒட்டப்பட்டதும் செஸ்டரின் கைங்கரியம்தான். ஹெலன் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. வால்டர் அதன்பிறகு பல வருஷம் செஸ்டரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டை எழுதிக்கொடுத்ததும் இதே மாதிரி ஒரு சட்டத்துக்குப் பயந்துதான். வயதான பிறகு முதியோர் இல்லத்தில் போய்ப் படுக்க நேர்ந்தால், கையிலிருப்பது இல்லத்துக்குக் கட்டியே கரைந்து, கடைசியில் அந்தச் செலவுக்கு வீடும் போய்விடும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டு, அதே வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்துகொள்வது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது. செஸ்டரின் மனைவி பெர்னிஸுக்கு அதில் இஷ்டமில்லை. "அவன் அரிசோனாவுல வெயில் காஞ்சுக்கிட்டிருக்கான். அவனுக்கு எதுக்கு இந்த வீடு?" என்றாள். "பேருக்குத்தான் பெர்னி. ஒண்ணும் மாறாது. தெருவுல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார் செஸ்டர். "தெருவுல எல்லாரும் பண்றதை நீ என்னைக்குப் பண்ணியிருக்கே?" என்று கேட்டுவிட்டு, அவர் இழுத்த இழுப்புக்கு வக்கீல் ஆபீசுக்குப் போனாள். கோட்டைக் கழற்றாமல், தொப்பியை எடுக்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

பனி வர மறுத்த பத்து நாளில் அது முழங்காலைத் தொட்டது. வர மறுத்தது மட்டுமில்லை, உருகவும் மறுத்ததால், விழுந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது. வால்டர் தன் படியில் நின்று இதைக் காப்பிக் கோப்பையோடு வேடிக்கை பார்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் பனி ஊதும் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். மெஷின் பனியை மேலே தூக்கி அழகாக ஊதியது; அது வளைந்து போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. உப்பு கொட்டினார்கள், உப்பு கரைந்தது, பனி கரையவில்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். நகரசபை ஆட்கள் வண்டியோடு வந்து அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்கள். நோட்டீசில் இருந்த பெயரை வால்டர்தான் முதலில் கவனித்தார். செஸ்டரின் மகன் பெயர், ஜெரார்ட் குபியாக் என்று போட்டிருந்தது.

"செட், உனக்கு இன்னும் விளங்கலையாடா?" என்றார் வால்டர், செஸ்டரைப் பழைய செல்லப்பெயரால் கூப்பிட்டு. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். "யார் வீடோ அவன் பனின்னு ஊரெல்லாம் முழங்கிக்கிட்டுத் திரிஞ்சியே. அது காதுல விழுந்திருக்கு. நீ இப்ப வாடகை இல்லாத குடித்தனக்காரன். உனக்கும் இந்தப் பனிக்கும் என்ன சம்பந்தம்?"

"வாயை மூடுடா" என்றார் செஸ்டர். ஆனால் அன்றைக்கே அரிசோனாவுக்கு ஃபோன் போட்டார். ஜெரார்ட் சிரித்தான். "அப்பா, அது உன் வீடுதாம்ப்பா. நான் சொல்றேன், நீயே வாரு. என் அனுமதி உண்டு, போதுமா?" என்றான். செஸ்டர் வெளியே போய் ஷவலைப் போட்டுப் பார்த்தார். ஃபோனில் கொடுத்த அனுமதியைப் பனி ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் பெயரில் எழுதிய வீடுகள் அதே தெருவில் இன்னும் நாலைந்து இருந்தன. அந்த வாசல்களில் எல்லாம் யார் வாரினாலும் பனி போயிற்று. இங்கே மட்டும் ஏன் என்று கேட்டால், எங்கள் யாரிடமும் பதில் கிடையாது.

ஜனவரியில் பனி இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. செஸ்டர் நிலவறையில் கிடந்த பழைய கதவொன்றைத் தூக்கிவந்து அதன்மேல் பாலமாகப் போட்டு, இரண்டு பக்கமும் படி மாதிரிப் பெட்டிகளை அடுக்கினார். நல்ல யோசனை என்று அவருக்கே தன்மேல் ஒரு மெப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது பெர்னிஸ் அந்தக் கதவின்மேல் கால் வைத்தாள், கதவு நழுவியது. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் தன் சமையலறை வரைக்கும் கேட்டதாக வால்டர் பிற்பாடு சொன்னார். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள். சேர்த்துக்கொண்டிருக்கும்போதே இதயம் பலவீனம் என்று கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து அவளை முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். எந்த இடத்துக்குப் பயந்து வீட்டை எழுதிக்கொடுத்தார்களோ அதே இடம்.

மார்ச் மாதம் டாக்டர் செஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மருந்து கொடுத்து ஆவது ஒன்றுமில்லை, ஆசைப்பட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெர்னிஸுக்கு அந்த ஆசை ஒன்றுதான் இருந்தது. தன் படுக்கை, தன் ஜன்னல், தன் அடுப்பில் கொதிக்கிற பீட்ரூட் சூப்பின் வாசனை. "இங்க எல்லாத்துலயும் பிளாஸ்டிக் வாசனை வருது செட். சாவுகூட பிளாஸ்டிக்காத்தான் வரும்போல" என்றாள். இல்லத்திலிருந்து ஒரு பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். உள்ளே எல்லாம் சரி, சக்கர நாற்காலிக்குக் கதவு அகலம் போதும் என்றாள். வெளியே வந்து அந்தப் பனிச்சுவரைப் பார்த்தாள். நடைபாதை சுத்தமாக இல்லாத வீட்டுக்கு நோயாளியைக் கொண்டுவர வண்டிக்காரர்களுக்கு அனுமதியில்லை, இதை அகற்றிவிட்டுச் சொல்லுங்கள் என்று கைகுலுக்கிவிட்டுப் போனாள். பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுவரலாமென்றால், எங்கள் வீடுகளுக்கு இடையே ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். பின்னால் ரயில்பாதைக் கரை.

"நாங்க ஆறு பேர் இருக்கோம். நாற்காலியோட அலாக்கா தூக்கி உள்ள வெச்சிடறோம். எவன் கேக்கப்போறான்?" என்றார் வால்டர். செஸ்டர் இதைப் போய்ச் சொன்னபோது பெர்னிஸ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆறு பேர் சேர்ந்து தூக்கினா அதுக்குப் பேரு வேற. அதுக்கு இன்னும் நாள் இருக்கு. நான் உருண்டுக்கிட்டு வருவேன், என் வாசல் வழியா, உக்காந்தபடி. அதுக்கு வழி பண்ணு" என்றாள். நாற்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் கட்டளையாக ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

செஸ்டர் மகனுக்கு ஃபோன் போட ஆரம்பித்தார். முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு தினமும். வேலை அதிகம் என்றான். லீவு கிடைக்காது என்றான். ஏப்ரலில் தானாக உருகிவிடும் என்றான். ஏப்ரல் வந்தது. தெருவில் எல்லா வாசலும் காய்ந்தது, வால்டர் வீட்டுப் புல்லில் மஞ்சள் பூ பூத்தது, பிள்ளைகள் சைக்கிளை வெளியே எடுத்தார்கள். குபியாக் வாசலில் மார்பளவுப் பனி வெள்ளைவெளேரென்று அப்படியே நின்றது. தபால்காரப் பெண் கடிதங்களை அதன் உச்சியில் வைத்துவிட்டுப் போவாள். செஸ்டர் ஏணி போட்டு ஏறி எடுத்துக்கொள்வார். நடந்துபோகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமல் ரோட்டில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார்கள். கடைசியாகப் பேசியபோது செஸ்டர் கத்தவில்லை, கெஞ்சினார். "ஜெரி, உங்கம்மா சாகறதுக்கு வீட்டுக்கு வரணும்னு கேக்கறா. அவ கேக்கறது இது ஒண்ணுதான். அரை மணி நேர வேலைடா." "சரி, வரேன்" என்றான்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். காலில் செருப்பு, முகத்தில் வெயிலில் கறுத்த நிறம், முடி கொட்டியிருந்தது. தெரு முழுக்க மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பீர் கேன்களும் ஊறுகாயும்கூட வந்துவிட்டன. செஸ்டர் தன் சொந்த ஷவலை அவன் கையில் கொடுத்தார். சின்ன வயதிலிருந்தே பிடிக்கத் தெரியாமல் பிடிக்கிற பிள்ளை. அன்றைக்கும் அப்படித்தான் பிடித்தான். ஆனால் முதல் தடவை அள்ளி வீசியதும் பனி போன இடத்திலேயே கிடந்து, நாலைந்து நிமிஷத்தில் வெயிலில் தண்ணீராகி ஓடியது. தெருவே கை தட்டியது. செஸ்டர் உள்ளே ஓடிப்போய் முதியோர் இல்லத்துக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு வண்டி அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு, வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார். அதற்குள் கைதட்டல் நின்றுபோயிருந்தது.

ரோட்டுப் பக்கத்துப் பாதி சிமெண்டு தெரியச் சுத்தமாகிவிட்டது. வீட்டுப் பக்கத்துப் பாதி, நடைபாதையின் நடுக்கோட்டிலிருந்து கேட் வரைக்கும், அப்படியே நின்றது. ஜெரார்ட் அள்ளினான், வீசினான், அது திரும்ப வந்தது. சட்டை நனையும் வரைக்கும் அள்ளினான். நூல் பிடித்து வெட்டிய மாதிரி ஒரு சுவர் நடுவே நின்றது.

"பத்திரத்துல இன்னொரு பேர் இருக்கணும்டா" என்றார் வால்டர். இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை.

ஜெரார்ட் ஷவலைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தான். மனைவி யோலாண்டா விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பத்திரம் எழுதும்போது வக்கீல் ஃபோன் போட்டு, கல்யாணம் ஆனவரா என்று கேட்டிருக்கிறார். இல்லையென்று சொன்னால் அம்மா காதுக்குப் போய்விடுமே என்று ஆமாம் என்றிருக்கிறான். வக்கீல் வழக்கப்படி கணவன் மனைவி இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டார். செஸ்டர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா" என்று ஜெரார்ட் தெருவே கேட்கும்படி அழுதான். நாற்காலிகளை ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் மடக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மறுநாள் நகரசபை இன்ஸ்பெக்டர் டேப்போடு வந்தார். சுத்தமான பாதியின் அகலத்தை அளந்தார். ஒரு சக்கர நாற்காலி போகும் அளவுக்குப் பாதை இருந்தால் போதும், சட்டம் திருப்தி அடைந்துவிட்டது என்று சொல்லி வழக்கை முடித்துக்கொண்டார். ஊரார் எல்லாரும் இனி தாராளமாக நடக்கலாம். "வீட்டுக்குள்ளேர்ந்து ஆள் எப்படிய்யா வெளிய வர்றது? வெளியேர்ந்து உள்ள எப்படிப் போறது?" என்று செஸ்டர் கேட்டார். "அது பொது விஷயம் இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. இதே வார்த்தையைச் செஸ்டரே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். ஜெரார்ட் அம்மாவைப் போய்ப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, யோலாண்டாவின் நம்பரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான்.

அந்த நம்பரை வைத்துக்கொண்டு செஸ்டர் ஒரு வாரம் ஃபோனைச் சுற்றிச் சுற்றி வந்தார். காரணம் இருந்தது. ஜெரார்டின் கல்யாணம் எங்கள் பங்குக் கோவிலில்தான் நடக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். யோலாண்டா தன் அம்மாவின் கோவிலில், பாலைவனத்து ஊரில், ஸ்பானிஷ் பாட்டோடுதான் என்றாள். அவர் போகவில்லை. விமான டிக்கெட் வாங்கித் தயாராக இருந்த பெர்னிஸையும் போகவிடவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டது அவர் கைதான்.

"யாரு?" என்றது ஃபோனில் ஒரு பெண்குரல்.

"செஸ்டர் குபியாக். ஜெரார்டோட அப்பா."

"ஜெரார்டுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். பனி வாரணும்."

"மிஸ்டர் குபியாக், இங்க தரையில முட்டையை உடைச்சு ஊத்தினா வெந்துடும். ஜூன் மாசம் கூப்பிட்டு பனி வாரணும்ங்கறீங்க. குடிச்சிருக்கீங்களா?"

குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஆலையில் விபத்து நடந்தால் மேலதிகாரிக்குச் சொல்வதைப் போல முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார். கதவைப் பாலமாகப் போட்டது உட்பட எதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "என் கல்யாணத்துக்கு வராத மனுஷனுக்காக நான் ஏன் வரணும்?" என்று கேட்டாள், கோபமில்லாமல், கணக்குக் கேட்கிற மாதிரி.

"எனக்காக வர வேண்டாம். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. பெர்னி வரணும்னுதான் இருந்தா. நான்தான் விடல."

"தெரியும். ஒரு மேஜைவிரிப்பு பின்னி அனுப்பினாங்க. கூட ஒரு சீட்டு. 'செட்டுக்குத் தெரியாது, சொல்லிடாதே'ன்னு எழுதியிருந்தாங்க." மறுமுனையில் காலண்டர் புரட்டும் சத்தம் கேட்டது. "நான் ஸ்கூல் பஸ் ஓட்டறேன். வெள்ளிக்கிழமையோட ஸ்கூல் முடியுது. சனிக்கிழமை வரேன்" என்றாள்.

பெர்னிஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மகன் மறைத்ததையும் சேர்த்துத்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவள் மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீ கூப்பிட்டியா? உன் வாயால? அவகிட்டயா?" என்றாள். ஆமாம் என்றார். "அப்ப நான் நிச்சயமா சாகப்போறேன்" என்று சிரித்தாள், சிரிக்கும்போது இருமினாள். அப்புறம் வரிசையாக வேலை சொன்னாள். ஜன்னல் திரையைத் துவைத்துப் போடு. முட்டைகோஸ் வாங்கிவை. அந்தப் பொண்ணுகிட்ட பூட்ஸ் இருக்காது, என்னோடதை எடுத்துக் கொடு, கால் அளவு ஒத்துப்போகும். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, ஒரு ஃபோட்டோ இருக்கு என்றாள், எங்கே என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு வண்டி ஏற்பாடாயிற்று. வெள்ளிக்கிழமை அவள் ஒரு கிண்ணம் சூப் குடித்தாள், முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது, செஸ்டர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை இல்லத்திலிருந்து ஃபோன் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது போர்வையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டதாகவும் வலி இல்லையென்றும் சொன்னார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. ஆக வேண்டியதை இல்லத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய கம்பளிச் சட்டை, கண்ணாடி, ஜெபமாலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து மூலையில் இறங்கியபோது உச்சி வெயில் ஆகிவிட்டது.

மூலையிலிருந்தே தெரிந்தது. பெர்னிஸின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பூப்போட்ட சட்டையின் கைகளை மடித்துவிட்டு, குட்டையான ஒரு பெண் கேட் பக்கம் பனி வாரிக்கொண்டிருந்தாள். அவர் காலையில் கேட்டில் மாட்டிவைத்துவிட்டுப் போன பூட்ஸ். சுவர் கிட்டத்தட்டப் போய்விட்டது. வால்டர் தன் படியில் நின்றிருந்தார். செஸ்டர் கையிலிருந்த பையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

யோலாண்டா நிமிர்ந்து முகத்தைத் துடைத்தாள். "வாங்க மிஸ்டர் குபியாக். பனி இவ்வளவு லேசா இருக்கும்னு யாருமே சொல்லலையே. முக்கால்வாசி ஆயிடுச்சு. நடுவுல மட்டும் ஒரு வரப்பு நிக்குது பாருங்க, எத்தனை வாட்டி எடுத்தாலும் வந்து உக்காந்துடுது. சக்கரம் அது மேல ஏறிடும்ல? வண்டி எப்ப வருது?"

செஸ்டர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வண்டி வரலம்மா. வண்டி இனிமே வேண்டாம்."

அவள் பையைப் பார்த்தாள். பையின் வாயில் கண்ணாடிக்கூடு துருத்திக்கொண்டிருந்தது. ஷவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "கேட் பக்கம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, பாக்கி இருந்ததையும் வாரினாள். சிமெண்டு தெரியச் சுரண்டினாள். அவள் முடிக்கிற வரைக்கும் செஸ்டர் அங்கேயே நின்று அழுதார், மூக்கைச் சிந்தக்கூடத் தோன்றாமல். வார்டா தெரு அவர் அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

அடக்கத்துக்கு ஜெரார்ட் வந்தான். பெர்னிஸைக் கோவிலிலிருந்து ஆறு பேர் தூக்கினார்கள், வால்டரும் ஒருவர். கல்லறையிலிருந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து முட்டைகோஸும் சாசேஜும் சாப்பிட்டார்கள். போகும்போது வாசலில் ஒவ்வொருவரும் அந்த வரப்பைக் கால் தூக்கித் தாண்டிப் போனார்கள். நடைபாதையின் நட்டநடுவில், எல்லையிலிருந்து எல்லை வரைக்கும், ஒரு சாண் உயரத்தில் அது ஓடியது. ஜெரார்டின் பாதிக்கும் யோலாண்டாவின் பாதிக்கும் நடுவில் இருந்ததால் அது இரண்டு பேருடையது, தனியாக ஒருவர் கைக்கு வராது என்பதைத் தெருவில் எல்லாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். "ரெண்டு பேரும் இருக்கீங்க. ஆளுக்கொரு ஷவல் எடுத்துக்கிட்டு ஒரே நேரத்துல போட்டா முடிஞ்சுது" என்றார் வால்டர். ஜெரார்ட் யோலாண்டாவைப் பார்த்தான். அவள் ஷவல் சாத்தியிருந்த இடத்தைப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவர் ஓரடி எடுத்து வைத்திருந்தால் நடந்திருக்கும்.

"விடுங்க" என்றார் செஸ்டர். "உருண்டு வர வேண்டியவ வரல. இனிமே யாருக்கு?"

வீட்டை அவர் பெயருக்கே திருப்பி எழுதித் தருவதாக இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் அவர் ஃபோன் போடுவார். இரண்டு பேரும் வந்து அவரவர் பாதியை வாரிக்கொடுத்துவிட்டுப் போனார்கள், ஒரே வாரத்தில் மட்டும் வந்ததில்லை. வரப்பு குளிர்காலத்தில் வளரும், கோடையில் ஒரு சாணுக்கு இறங்கும், அதற்குக் கீழே போகாது. ஜூலை வெயிலில் பிள்ளைகள் அதில் சோடா புட்டிகளைச் செருகிவைத்துக் குளிர வைக்கிறார்கள். செஸ்டர் காலையில் பால் வாங்கப் போகும்போது ஒரு தடவை காலைத் தூக்கித் தாண்டுவார், வரும்போது ஒரு தடவை. வயதாகிவிட்டதால் இப்போதெல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார்.